டெஸ்ட் லைப்ரரி தொடங்கவே மூன்று நொடி: இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

அரைக்காற்புள்ளி

எங்கள் ப்ராஜெக்ட்டில் இதுவரை பைத்தானோடு வரும் டெஸ்ட் லைப்ரரியான யூனிட்டெஸ்ட்தான் இருந்தது. போன மாதம் பைடெஸ்ட்டுக்கு மாறினோம். டெஸ்ட் எழுதுவது சுகமாகிவிட்டது, அதில் மறுபேச்சு இல்லை. 'இது இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்லும் வெறும் அசெர்ட் வரி போட்டால் போதும், உடைந்தால் எந்தப் பக்கம் என்ன மதிப்பு இருந்தது என்று பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஆனால் ஒரே ஒரு டெஸ்ட்டை ஓட்டினாலும், என்டர் தட்டிய பிறகு டெர்மினல் வாயே திறப்பதில்லை. முன்பெல்லாம் விரலை எடுப்பதற்குள் டெஸ்ட் தேறியதற்கான புள்ளி வந்துவிடும். இப்போது மூன்று நொடி, சில சமயம் நான்கு.

டீமில் சொன்னால், "சிஐ-யில் மொத்தம் 14 நிமிடம் ஓடுகிறது, அதில் மூன்று நொடிக்கு அழலாமா?" என்கிறார்கள். சிஐ என்பது ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா டெஸ்ட்டையும் தானாக ஓட்டும் சர்வர். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் எரிச்சல் போகவில்லை. நான்தான் அதிகமாக அலட்டிக்கொள்கிறேனா?

கல்தூண்

அலட்டிக்கொள்கிறீர்கள் :) கோபிக்க வேண்டாம்.

ஒரு டெஸ்ட் உடைந்தால் காரணம் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் போகிறது? பழைய லைப்ரரியில் பல சமயம் "ஃபால்ஸ், ட்ரூ அல்ல" என்று ஒரு வரிதான் வரும், அதை வைத்துக்கொண்டு பிரிண்ட் போட்டுப் பிரிண்ட் போட்டுத் தேட வேண்டும். இப்போது இரண்டு டிக்‌ஷனரியில் எந்தக் கீ வேறுபடுகிறது என்று கையில் கொடுத்துவிடுகிறது. ஒரு தடவை மிச்சமாகும் அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் மூன்று நொடி 200 தடவை அடங்கும்.

நடைவண்டி

கல்தூண், மிச்சமாகும் பத்து நிமிடமும் காத்திருக்கும் மூன்று நொடியும் ஒரே நாணயம் இல்லை. பிழை தேடும்போது மூளை வேலையில் இருக்கிறது. டெர்மினலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கிறது, சும்மா இருந்தால் வேறு டேபுக்குப் போய்விடும். ஒரு நொடி வரை யோசனையின் ஓட்டம் அறாது, பத்து நொடி தாண்டினால் கவனமே நிற்காது என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பே 1968-ல் ராபர்ட் மில்லர் இதே விஷயத்தை அலசியிருக்கிறார். மூன்று நொடி அந்த ஒரு நொடிக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது.

சிஐ-யில் யாரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதில்லை. அங்கே மூன்று நொடி தூசு. ஒரு வரி மாற்றி, ஓட்டி, இன்னொரு வரி மாற்றி, ஓட்டி என்று போகிறவருக்குத்தான் அது கல். அரைக்காற்புள்ளி எந்த வகை என்று அவர் எரிச்சலே சொல்கிறது.

பழையஊசி

பேர்ல் மொழிப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரிக்க வேண்டாம், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் ஊர் வழக்கம் வேறு. ஒவ்வொரு டெஸ்ட் கோப்பும் தனி ப்ராசஸ், அதாவது தனியாக எழுந்து ஓடும் ப்ரோக்ராம். ப்ரூவ் என்கிற கருவி கோப்புகளை ஒவ்வொன்றாகத் துவக்கி, அவை துப்பும் ஓகே, நாட் ஓகே வரிகளை எண்ணிக்கொண்டிருக்கும். பைடெஸ்ட்டில் லைப்ரரியை ஒருமுறை ஏற்றினால் ஆயிரம் டெஸ்ட்டும் அதிலேயே ஓடிவிடும். எங்களுக்கு ஆயிரம் கோப்பு என்றால் ஆயிரம் தடவை ஏற்ற வேண்டும்.

அதனால்தான் டெஸ்ட்::மோர் என்கிற பழைய லைப்ரரியை விட்டுப் புதிய டெஸ்ட்2::வி0-க்குப் போகலாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் இந்தச் சண்டையும் கூடவே வரும். புதியதில் வசதி அதிகம், ஒப்பீட்டு அட்டவணை அழகாக வரும். அதற்கேற்ப ஏற்ற வேண்டிய மாட்யூலும் அதிகம். ஒரு கோப்புக்குக் கால் நொடி கூடினால் 1,200 கோப்புக்கு 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம். எட்டாகப் பிரித்து ஓட்டினாலும் 38 நொடி போய்விடும். ஒரு டெஸ்ட்டும் ஓடாமலே இவ்வளவு!

கால் நொடி பெரியதா சிறியதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எத்தனை தடவை கட்ட வேண்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கல்தூண்

பழையஊசி சொல்வது நியாயம், ஆனால் அது ப்ராசஸ் அமைப்பின் கோளாறு. லைப்ரரி மேல் ஏன் பழி? ஒருமுறை ஏற்றிவிட்டு ஃபோர்க் செய்தால், அதாவது ஓடும் ப்ராசஸை அப்படியே நகலெடுத்தால் முடிந்தது.

பழையஊசி

செய்கிறோமே. யாத் என்று ஒரு ஓட்டி இருக்கிறது, மாட்யூல்களை முன்கூட்டி ஏற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோர்க் அடிக்கும். நேரம் நன்றாகவே குறையும்.

அப்புறம் வரும் வேடிக்கையைச் சொல்கிறேன். ஏற்றிய மாட்யூல் ஒன்றுக்குள் ராண்டம் எண்ணைக் கேட்கும் வரி ஒன்று இருந்தது. தாய் ப்ராசஸில் விதை (எண் வரிசையின் தொடக்கப் புள்ளி) ஒருமுறை போடப்பட்டுவிட்டதால், பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் "ராண்டம்" எண்ணைப் பெற்றார்கள். அதை வைத்துத் தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைத்தோம். எட்டு டெஸ்ட் ஒரே கோப்பில் எழுதியது. தனியாக ஓட்டினால் எல்லாம் பச்சை, சேர்ந்து ஓட்டினால் ஏதாவது ஒன்று சிவப்பு. இரண்டு நாள் போயிற்று. டேட்டாபேஸ் இணைப்பைத் தாயிடம் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த கதையும் உண்டு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

முன்கூட்டி ஏற்றி வைப்பது தப்பில்லை. ஆனால் இலவசம் இல்லை.

மூன்றாம்கிளை

இவ்வளவு பேசியாயிற்று, யாரும் அளக்கவில்லை. அரைக்காற்புள்ளி, ஒரே டெஸ்ட்டை மூன்று விதமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: டைம் கட்டளையை முன்னால் போட்டால் வரும் மொத்த நேரம், பைடெஸ்ட் கடைசி வரியில் அதுவே சொல்லிக்கொள்ளும் நேரம், டுரேஷன்ஸ் ஆப்ஷன் காட்டும் நேரம். இரண்டாவது தடவை ஓட்டிய எண்ணைக் கொடுங்கள், முதல் தடவை டிஸ்க்கும் கேச்சும் குளிர்ந்து கிடக்கும்.

அரைக்காற்புள்ளி

ஓட்டினேன். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

டைம்: 3.9 நொடி
கடைசி வரி: "1 பாஸ்ட் இன் 2.31"
டுரேஷன்ஸ்: 0.01-க்கும் கீழே

நூறில் ஒரு பங்கு நொடிகூட ஓடாத டெஸ்ட்டுக்கு நான்கு நொடி! ஒரு காலி ஃபோல்டரில் ஒரு வரி டெஸ்ட் மட்டும் வைத்து ஓட்டினேன், அங்கே 0.3-தான். பழைய யூனிட்டெஸ்ட் 0.15.

மூன்றாம்கிளை

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. லைப்ரரியின் சொந்தப் பங்கு 0.3. யூனிட்டெஸ்ட்டை விட இரட்டிப்பு என்று சொன்னால் பயங்கரமாகத் தெரியும், 0.15 நொடி கூடுதல் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மீதி 3.6 உங்கள் வீட்டுச் சரக்கு.

மூன்று எண்ணும் ஏன் வேறு என்றால், டுரேஷன்ஸ் ஒவ்வொரு டெஸ்ட்டின் செட்அப் (முன் ஏற்பாடு), ஓட்டம், டியர்டவுன் (பின் சுத்தம்) மூன்றை மட்டும் அளக்கும். கடைசி வரியில் வருவது செஷன் தொடங்கியதிலிருந்து எண்ணப்படுவது. செஷன் தொடங்குவதற்கு முன்பே பைத்தான் எழுந்து, ப்ளகின்களை ஏற்றி, டெஸ்ட்களின் பொது ஏற்பாடுகள் இருக்கும் முதல் கான்ஃப்டெஸ்ட் கோப்பையும் இம்போர்ட் செய்து முடித்திருக்கும். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. உங்களிடம் 3.9-லிருந்து 2.31 போனால் 1.6 நொடி. ரிப்போர்ட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது கண்ணில் படாது.

செஷனுக்குள்ளேயே 2.3 போயிருப்பதுதான் உறுத்துகிறது. டெஸ்ட்களைப் பல ப்ராசஸுக்குப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸ்டிஸ்ட் ப்ளகினின் ஆப்ஷனைக் கான்ஃபிக்கில் நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறீர்களா?

அப்புறம், பைத்தானை -எக்ஸ் இம்போர்ட்டைம் என்று சேர்த்து ஓட்டுங்கள். 3.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. வெளியீடு எர்ரர் ஓடையில் வரும், கோப்பில் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி அந்த மாட்யூலின் தனி நேரம், இரண்டாவது அதற்குள் இழுத்து வந்ததையும் சேர்த்த நேரம், இரண்டும் மைக்ரோ நொடியில். பிள்ளைகள் மேலேயும் தாய் கீழேயும் வரும், அதனால் அடியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.

அரைக்காற்புள்ளி

ஆமாம், எக்ஸ்டிஸ்ட் இருக்கிறது. சிஐ-க்காக யாரோ "-என் ஆட்டோ" என்று கான்ஃபிக்கிலேயே போட்டிருக்கிறார்கள். எந்த வரியை யார் போட்டது என்று காட்டும் கிட் பிளேமில் பார்த்தேன். அந்த யாரோ நான்தான்.

இம்போர்ட்டைம் வால்பகுதி:

412 | 655120 | பாண்டாஸ்
980 | 791336 | எங்கள்ஆப்.ரிப்போர்ட்
350 | 1104775 | எங்கள்ஆப்

நான் ஓட்டியது தேதியை வடிவமைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனுக்கான டெஸ்ட். அதற்கு எதற்கு பாண்டாஸ் என்கிற பெரிய டேட்டா லைப்ரரி?

மூன்றாம்கிளை

கான்ஃப்டெஸ்ட்டின் தலையில் உங்கள் ஆப்பை முழுசாக இம்போர்ட் செய்திருப்பீர்கள். ஃபிக்ஸ்சர் (டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயார் செய்யும் ஃபங்ஷன்) எழுத வசதியாக இருக்கிறதே என்று எல்லாரும் செய்வதுதான். யூனிட்டெஸ்ட் காலத்தில் ஒவ்வொரு டெஸ்ட் கோப்பும் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்தது. மாறியபோது எல்லாம் ஒரே வாசலில் வந்து குவிந்துவிட்டது. பழி மட்டும் புதிதாக வந்த லைப்ரரிக்கு.

எக்ஸ்டிஸ்ட் இருப்பதால் அந்த 1.1 நொடியை இரண்டு தடவை கட்டுகிறீர்கள். கட்டுப்படுத்தும் ப்ராசஸ் ஒருமுறை ஏற்றும். அது முடிந்த பிறகுதான் ஒர்க்கர்கள் எழுந்து, ஒவ்வொருவரும் தனித்தனியாக அதையே மறுபடி ஏற்றி, டெஸ்ட்களைத் தாமே திரட்டுவார்கள். எட்டு ஒர்க்கர் எழுந்து நின்று ஒரு டெஸ்ட்டை ஓட்டுகிறார்கள், ஏழு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

வெண்பலகை

குறுக்கே வருகிறேன், ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட்டில் இதே நோய் வேறு உருவத்தில். அங்கே ஒவ்வொரு டெஸ்ட் கோப்புக்கும் தனி மாட்யூல் பதிவேடு. ஒன்றில் செய்த மாற்றம் இன்னொன்றில் ஒட்டக்கூடாது என்பதற்காக. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு பட்டன் கம்போனென்ட்டுக்காக எல்லாவற்றையும் மறு ஏற்றுமதி செய்யும் இண்டெக்ஸ் கோப்பைத் தொட்டால், அந்த மொத்தக் குடும்பமும் ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக இயங்கும். கோடை மாற்றி எழுதிய வடிவம் (ட்ரான்ஸ்ஃபார்ம்) கேச்சில் இருக்கும், ஆனால் இயக்குவதைக் கேச் செய்ய முடியாது. நேரே அந்தக் கோப்பிலிருந்தே இம்போர்ட் செய்தபோது எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

கல்தூண்

அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? லைப்ரரியின் தொடக்க நேரம் 0.3. பொருட்டே இல்லை. பிரச்சினை எழுதியவர்களிடம்.

சுழிக்காரன்

ஒரு டெஸ்ட் லைப்ரரியைப் பராமரிப்பவன் என்ற முறையில் இந்த வாதத்துக்கு நான் பயப்படுகிறேன். பெரிய லைப்ரரி இல்லை, ஆனாலும் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள்.

"30 மில்லி நொடிதானே" என்று ஒரு ஃபீச்சரை உள்ளே விடுவோம். அடுத்த பதிப்பில் நிறம் காட்ட ஒரு வெளி லைப்ரரி (சார்பு), அதுவும் 30. அப்புறம் ஒய்ஏஎம்எல் படிக்க, அப்புறம் ஹெச்டிஎம்எல் ரிப்போர்ட். ஒவ்வொன்றையும் தனியாக வைத்தால் எதிர்த்துப் பேச வாயே வராது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் நான்கு மடங்கு ஆகியிருக்கும். ஏற்றியதை இறக்குவதும் சுலபம் இல்லை, யாராவது அந்த மாட்யூல் எப்போதும் ஏற்றப்பட்டே இருக்கும் என்று நம்பி எழுதியிருப்பார்கள்.

இதைத் தடுக்க முதலில் சிஐ-யில் தொடக்க நேரத்தை அளந்து, வரம்பு தாண்டினால் சிவப்பு காட்டச் சொன்னோம். ஒரு வாரத்தில் கைவிட்டோம். பகிர்ந்த மெஷினில் பக்கத்து வேலை என்ன ஓடுகிறதோ அதற்கேற்ப எண் ஆடும். பொய்ச் சிவப்பு நாலு தடவை வந்தால் ஐந்தாவது தடவை யாரும் பார்க்க மாட்டார்கள். இப்போது நேரத்தை விட்டுவிட்டோம், ஏற்றப்பட்ட மாட்யூல்களைப் பார்க்கிறோம். வெறுமனே எங்கள் லைப்ரரியை இம்போர்ட் செய்து, ஏற்றிய மாட்யூல்களின் பட்டியலான ஸிஸ்.மாட்யூல்ஸில் இன்னின்ன கனமான பெயர்கள் இருக்கக்கூடாது என்று ஒரு டெஸ்ட். அது எந்த மெஷினிலும் ஒரே பதில் சொல்கிறது.

கல்தூண்

சரி, வித்தியாசம் காட்டும் பகுதியை டெஸ்ட் உடைந்தால் மட்டும் ஏற்றலாமே? பெரும்பாலான ஓட்டங்களில் எதுவும் உடைவதில்லை.

சுழிக்காரன்

அதைத்தான் செய்கிறோம், பெரும் பலன் அங்கேதான். ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தள்ளிப்போட்டால் இரண்டு இடத்தில் அடி. ஒன்று, இல்லாத சார்பு தொடக்கத்திலேயே கத்தாமல், முதல் டெஸ்ட் உடையும்போது கத்தும். அப்போது உடைந்த டெஸ்ட்டின் காரணமும் இம்போர்ட் பிழையும் ஒன்றாகக் கலந்து வரும், படிப்பவர் பாவம். இரண்டு, தள்ளிப்போட்ட நேரம் எங்கும் போய்விடாது, முதலில் தொடும் டெஸ்ட்டின் தலையில் விழும். டைம்அவுட் வைத்த டெஸ்ட் என்றால், வரிசை மாறினால் தோற்கும், தனியாக ஓட்டினால் தோற்கும், நடுவில் ஓட்டினால் தேறும்.

பைத்தானிலேயே இம்போர்ட்டை மொத்தமாகச் சோம்பேறி ஆக்கலாம், அதாவது தேவைப்படும்போது மட்டும் ஏற்றலாம் என்று பெப் 690 என்கிற முன்மொழிவு வந்தது, 2022-ல் நிராகரித்துவிட்டார்கள். இம்போர்ட்டின் பக்கவிளைவை நம்பி எழுதிய கோட் எவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தால் ஆச்சரியமில்லை.

நடைவண்டி

மற்ற மொழிக்காரர்களும் படிக்கிறார்கள் என்பதால் சுருக்கமாக இரண்டு.

ஜாவாவில் ஸ்ப்ரிங் என்கிற ஃப்ரேம்வொர்க், டெஸ்ட்டுக்காக எழுப்பிய ஆப் சூழலை (கான்டெக்ஸ்ட்) கேச் செய்து வைத்துக்கொள்ளும். ஒரு கிளாஸில் ஒரு மாக் பீனை (நிஜப் பாகத்துக்குப் பதிலான போலியை) கூடுதலாகச் சேர்த்தால் கேச்சின் சாவி மாறி, புதுக் கான்டெக்ஸ்ட் எழும். நாற்பது கிளாஸில் நாற்பது விதமாக மாக் செய்தால் நாற்பது தடவை எழும். கேச்சின் இயல்பு வரம்பு 32 என்பதால் பழையது வெளியேறவும் தொடங்கும். இதுவும் தொடக்க நேரம்தான், பெயர்தான் வேறு.

சி++ல் கேட்ச்2 என்கிற டெஸ்ட் லைப்ரரி முன்பு ஒரே ஹெடர் கோப்பாக வந்தது, காத்திருப்பெல்லாம் கம்பைலில். 2022-ல் மூன்றாம் பதிப்பில் அதைப் பிரித்துத் தனி லைப்ரரியாக்கினார்கள். சிமேக் என்கிற பில்ட் கருவி வழியாக டெஸ்ட்களைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒவ்வொரு டெஸ்ட் கேஸும் அதன் டெஸ்ட் ஓட்டியான சிடெஸ்ட்டில் தனிப் பதிவு, அதனால் தனி ப்ராசஸ். மெயினுக்கு முன்பே ஓடும் ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட் ஒன்று பெரிய கோப்பைப் படிக்கிறது என்றால் பழையஊசியின் கதைதான்.

பழையஊசி

துணைக்கு ஆள் கிடைத்ததில் மகிழ்ச்சி.

ம்யூட்டேஷன் டெஸ்டிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடில் ஒரு குறியை மாற்றி, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்த்து, அடுத்த குறியை மாற்றும். மாற்றத்துக்கு ஒரு ப்ராசஸ் என்று ஓட்டும் கருவியில் 5,000 மாற்றம், தலா மூன்று நொடி என்றால் தொடக்கத்துக்கு மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல். மாறாக, பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட்டில் ஆயிரம் கமிட்டைப் பத்து ஓட்டத்தில் முடித்துவிடலாம், அங்கே யாரும் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாம்கிளை

கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. பைடெஸ்ட் அந்த அழகான அசெர்ட் செய்தியைக் காட்ட, உங்கள் டெஸ்ட் கோப்பை இம்போர்ட் செய்யும்போதே திருத்தி எழுதுகிறது. திருத்தியதை பைகேச் ஃபோல்டரில் சேமித்து வைக்கும். ஆனால் பல டாக்கர் கோப்புகளில் பைட்கோட் (பைத்தான் மாற்றிச் சேமிக்கும் இடைவடிவம்) எழுதாதே என்ற சூழல் மாறியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டி வைத்திருப்பார்கள். அது இருந்தால் சேமிப்பு நடக்காது, ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து திருத்தும். டெவலப்பர் அந்தக் கன்டெய்னருக்குள்ளேயே நாள் முழுவதும் வேலை செய்கிறார் என்றால் அதை எடுத்துப் பாருங்கள்.

அரைக்காற்புள்ளி

செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கான்ஃப்டெஸ்ட்டின் தலையிலிருந்த ஆப் இம்போர்ட்டை, அதைப் பயன்படுத்தும் நான்கு ஃபிக்ஸ்சர்களுக்குள் நகர்த்தினேன். 3.9 நொடி 1.8 ஆனது. "-என் ஆட்டோ"வைக் கான்ஃபிக்கிலிருந்து எடுத்து சிஐ கட்டளையில் மட்டும் போட்டேன். 0.8. தலைப்பில் ப்ளகின்ஸ் என்று ஒரு வரி வருகிறதல்லவா, இவ்வளவு நாள் அதைப் படித்ததே இல்லை. ஒன்பது பெயர் இருந்தது, நாங்கள் தெரிந்து நிறுவியது மூன்று. மீதி வேறு பேக்கேஜ்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. தானாக ஏற்றுவதை நிறுத்தும் மாறியைப் போட்டு, வேண்டிய மூன்றை -பி ஆப்ஷனில் பெயர் சொல்லி அழைத்தேன். 0.6.

இந்தக் கடைசிப் படிக்கு டீமில் ஒப்புதல் கிடைக்கவில்லை. புதிதாக ஒருவர் ப்ளகின் நிறுவி, ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடுவார் என்றார்கள். 0.2 நொடிக்காக அதில் சண்டை போட மனமில்லை, திருப்பிவிட்டேன். 0.8-ல் நிற்கிறது.

சிஐ 14 நிமிடம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு நொடிகூடக் குறையவில்லை.

கல்தூண்

சிஐ குறையவில்லை, அதைக் குறித்துக்கொள்ளவும்.

இன்று மதியம் சும்மா என் ப்ராஜெக்ட்டிலும் ஒரே டெஸ்ட்டை டைம் போட்டு ஓட்டினேன். எக்ஸ்டிஸ்ட் எல்லாம் கிடையாது. கடைசி வரி 0.9 என்கிறது. டைம் 6.1 என்கிறது.

இம்போர்ட்டைம் வெளியீட்டை அடியிலிருந்துதானே படிக்க வேண்டும்?